தூர்ஸினாவின் நீலச் சிறகு

தூர்ஸினா என்றதும், ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களோடு வல்ல அல்லாஹ் உரையாடிய வரலாறே நம் நெஞ்சில் எழும். திருமறையின் 'அத்தீன்' அத்தியாயத்தில் இறைவன் சத்தியமிட்டுக் கூறும் மலையும் அதுவே. அம்மலையென மரபாகக் கருதப்படும் ஜபல் மூஸா, எகிப்து நாட்டின் தென் ஸினாயில், 2,285 மீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கின்றது. இரவெல்லாம் நடந்து, உச்சியில் சூரியோதயம் கண்டு திரும்புவோர் பலர். ஆயின் அம்மலைத்தொடரின் புதர்களில் படைத்தவன் வைத்துள்ள இன்னோர் அத்தாட்சியைக் கண்டு திரும்புவோர் மிகச் சிலரே.

அது ஒரு வண்ணத்துப்பூச்சி. உலகின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்று. சிறகு மூடி அமர்ந்தால் பெருவிரல் நகத்தளவே தோன்றும். ஆணின் சிறகு மேற்புறம் நீலம். பெண்ணினது பெரிதும் பழுப்பு. அடிப்புறமோ சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள் இட்டது. ஆதலால் அமர்ந்த மாத்திரத்தில் பாறையின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். 1975ஆம் ஆண்டில்தான் அறிவியலார் அதற்குத் தனிப் பெயர் சூட்டினர். ஸினாயின் இவ்வுயர்ந்த மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை.

ஏன் இல்லை? அதன் புழு உண்பது ஒரே ஒரு செடியை மட்டுமே. அரபு மக்கள் 'ஸஅதர்' என்றழைக்கும் நறுமணச் செடிகளுள் ஒன்று அது. நம் வீட்டு ஓமத்தின் மணத்தை நினைவூட்டுவது. மலையின் உயர்ந்த சரிவுகளில், பாறையிடுக்கில் ஈரம் தங்கும் இடங்களில் திட்டுத்திட்டாக வளர்கின்றது. தாய்ப்பூச்சி அதில் முட்டையிடும். புழு அதன் மொட்டையும் மலரையும் உண்ணும். புழு சுரக்கும் இனிய நீருக்காக எறும்புகள் அதனைச் சூழ்ந்து நிற்கும். பின்னர் அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, அடுத்த வசந்தம் வரை உறங்கும். செடியே அதற்கு ஊர், செடியே உணவு, செடியே தொட்டில்.

காண விழைவோர் ஏப்ரல் இறுதி முதல் ஜூன் தொடக்கத்துக்குள் செல்ல வேண்டும். கத்ரீன் சிற்றூரில் தங்கி, ஜபலிய்யா பதூவிகளுள் ஒருவரை வழிகாட்டியாகக் கொள்வது நலம். வெயில் ஏறிய காலைப் பொழுதில், மலர்ந்த ஸஅதர் புதரருகே அசையாது அமருங்கள். தரையோடு தரையாய் ஒரு நீலத் துணுக்கு தத்திச் செல்லும். அதுதான்.

இப்பூச்சிக்கு இன்று ஆபத்து நேர்ந்துள்ளது. செடி மருந்துக்காகப் பறிக்கப்படுகின்றது, ஆடுகளும் மேய்கின்றன. இவற்றினும் பெரிது, புவி வெப்பம் உயர்வது. வெப்பம் மிகுந்தால் சமவெளி உயிர்கள் மலையேறித் தப்பலாம். மலையுச்சியில் வாழ்வது எங்கே ஏறும்? வெப்பமும் மேய்ச்சலும் பறிப்பும் இல்லையேல் இவ்வினம் இன்னும் 200 ஆண்டுகளேனும் நீடிக்கும் என்றும், வெப்பம் உயர்ந்தால் அழியும் வாய்ப்பு விரைந்து பெருகும் என்றும் 2005இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது.

வானத்தின் வெப்பத்தை அம்மலைவாசிகள் உண்டாக்கவில்லை. அதைத் தணிப்பது உலகோர் அனைவர் மீதும் உள்ள கடமை. செடியைக் காப்பதோ, மலைக்குச் செல்லும் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. குறிப்பிட்ட காலம் வரை ஒரு பள்ளத்தாக்கில் எவரும் ஆடு மேய்ப்பதில்லை என்று தமக்குள் உடன்படும் 'ஹில்ஃப்' என்னும் வழக்கம் பதூவிகளிடையே நெடுங்காலமாக இருந்துள்ளது. எடுக்கும் உரிமையுடையோரே கையை அடக்கிக்கொண்ட பண்பு அது.

ஆகவே அங்குச் செல்லும் பேறு பெறுவோர், நினைவுக்கென ஒரு கிளையும் ஒடிக்க வேண்டாம். நீங்கள் ஒடிப்பது கிளையன்று. ஒரு சிற்றுயிரின் வீடு. கண்ணாரக் கண்டு, 'சுப்ஹானல்லாஹ்' எனப் போற்றித் திரும்புங்கள். அம்மலையிலிருந்து கொண்டுவர அதுவே போதும்.