சிவகாசிக்குக் கடல் எதற்கு?

சிவகாசியில் அச்சுக்கூடம் நடத்திவரும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். தாமும் மனைவியும் மக்கள் இருவரும் ஏறிச் செல்லத்தக்க சிறு பாய்ப்படகு ஒன்றைச் சம்பாதித்து, அதை மோட்டார் காரின் பின்னால் ஓர் இழுவண்டியில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டு சென்று, ஓய்வு நாட்களில் கடலில் விட வேண்டுமென்பது அவருடைய உத்தேசம். இதைக் கேட்ட சுற்றத்தார் நகைத்தனராம். "பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற கரிசல் சீமையில் பாய் விரிப்பவனும் உண்டோ?" என்று ஒருவர் பரிகாசம் செய்தாராம். நண்பரின் உத்தேசத்தில் நகைப்புக்குரியது எதுவுமில்லை. நகைத்தவர்களின் மனத்தில் படிந்துவிட்ட மறதியே வருந்தத்தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

விருதுநகர் ஜில்லாவுக்குக் கடற்கரை இல்லை என்பது மெய். ஆனால் சிவகாசிக்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 100 கிலோ மீட்டரே. சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022-ஆம் வருஷம் முதல் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு கரிசல் மண்ணில் விளைவதன்று. அந்த வைப்பாறு சென்று கலக்கும் மன்னார் வளைகுடாவோ சங்குக்கும் முத்துக்கும் பெயர் பெற்றது. நம் முன்னோர் கடலை அறிந்திருந்தனர். நாமே அதை விடுமுறை நாளில் கரையில் நின்று பார்த்துத் திரும்பும் காட்சிப் பொருளாக்கிவிட்டோம்.

இம்மறதியைப் போக்க எழுந்தவர் ஒரு வக்கீல் என்பதை நமது வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, ஒரு பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்தார். பிரபுக்களின் பணத்தை மட்டும் நம்பியிருந்தால் அவ்விதம் வைத்திருக்க மாட்டார். 1908-இல் அவரைச் சிறையிலிட்டார்கள். கம்பெனியும் சில வருஷங்களில் மறைந்தது. அவர் காட்டிய வழி மறையவில்லை. கடல் பொது ஜனங்களுக்கு உரியது, அவர்கள் கூடி முயன்றால் அதை மீட்கலாம் என்பதே அவ்வழி.

"பாய்ப்படகு செல்வர்களின் கேளிக்கையன்றோ?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதற்கு விடை இங்கிலாந்திலேயே உண்டு. அந்நாட்டுத் தொழிலாளர்கள் விரும்பிப் படித்த 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவில், 1962-ஆம் வருஷம் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்ற இருவர் ஒரு சிறு படகை அமைத்தனர். நீளம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு. எடை சுமார் 45 கிலோ. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்துப் பிசின் பூசி, சாதாரண மனிதன் தன் வீட்டிலேயே கட்டிக் கொள்ளலாம். அவ்விதம் சுமார் 70,000 படகுகள் எழுந்தன. ஒரு நாளிதழ் தன் வாசகர்களுக்குச் செய்த தொண்டு இது. தச்சுவேலையும் கைத்திறனும் மலிந்த நம் ஊர்களில் இது கூடாத காரியமா? ஒரு குடும்பத்தால் இயலாவிடில் ஐந்து குடும்பங்கள் பங்கு போட்டுக் கொள்ளட்டும். பங்கு சேர்ப்பது நமக்குப் புதிதன்று.

ஆயினும் நண்பருக்கு நாம் முதலில் சொன்னது, "படகை வாங்காதீர்" என்பதுதான். முதலில் கற்க வேண்டும். 1922-ஆம் வருஷத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னரே சிவகாசியில் தொழில் தொடங்கினர்; இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டுத் தொழில் கற்கப் புறப்படவில்லை. சென்னையில் பாய்ப்படகுச் சங்கத்தின் கோடைப் பயிற்சி முகாமில் சிறுமியாகச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தேசத்தின் சார்பாகப் போட்டியிட்டார். தொடக்கம் முகாமில், படகு பின்னர்.

கற்ற பின் தேர்ந்தெடுக்கும் படகு சிறியதாயிருத்தல் வேண்டும். 11 முதல் 16 அடி நீளம் போதும். பாய்மரத்தைக் கையாலேயே நிறுத்தவும் சாய்க்கவும் இயல வேண்டும். காற்றால் படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் நடுப்பலகை மேலே தூக்கக் கூடியதாயிருப்பின், ஆழமற்ற கரையிலும் படகை ஏற்றலாம். கரையிலும் சாலையிலும் மரத்தைச் சாய்த்தே கொண்டு செல்க. மேலே மின்சாரக் கம்பி உண்டு. இழுவண்டியின் சக்கரங்கள் உப்பு நீரில் நனைந்தால் நல்ல நீரால் உடனே கழுவுக. மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டியும் ஒரு வாகனமே. அதைப் பதிவு செய்யாமல் சாலையில் இறக்கலாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி அங்கே இறங்குவது குற்றம்.

காற்றைப் பற்றிய அறிவோ உயிருக்கு ஆதாரம். தூத்துக்குடிக் கரை கிழக்கு நோக்கியது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். அப்போது போவது எளிது, திரும்புவதே அரிது. கரையோரத்தில் நீர் அமைதியாகத் தோன்றுவதைக் கண்டு புதியவன் ஏமாறுவான். தீபாவளிக்குப் பின் சிவகாசிக்கு ஓய்வு கிடைக்கிறது. அதுவோ புயற் பருவம். அந்த ஓய்வைப் படகு கட்டுவதில் செலவிட்டு, மாசி பங்குனியில் காலை வேளைகளில் கடலில் இறங்குவதே விவேகம். முதல் நாளே ஆழமற்ற நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுக. மிதவைச் சட்டையின்றி ஒருவரும் ஏறலாகாது. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்றலாகாது.

இந்த விதிகளின் அருமையைப் பட்டாசுச் சீமையைவிட அறிந்தவர் யார்? ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற வரம்பை மீறியதால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை அவ்வூர்கள் கண்ணீரோடு அறியும். அங்கே கற்ற பாடத்தைக் கடலிலும் கைக்கொள்க.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2011-ஆம் வருஷத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டியதோடு கடமை தீர்ந்ததாகாது. அக்கரையில் சிறு படகுகளை இறக்குவதற்குப் பொதுவான சரிவு மேடை ஒன்றும், ஏழைச் சிறுவர்களும் சேரத்தக்க பாய்ப்படகுப் பள்ளி ஒன்றும் அமைத்தல் வேண்டும். அப்பள்ளிக்கு ஆசிரியர்களை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. பாயின் பலத்தாலேயே கொழும்புக்குத் தோணி ஓட்டியவர்கள் தூத்துக்குடியார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அத்தோணிகள் ஓடின. அக்கலையறிந்த முதியவர்கள் மறைந்தபின் நூல்களைத் தேடி அலைவதில் பயனில்லை. தக்க ஊதியம் அளித்து அவர்களை இப்போதே அழைக்க வேண்டும்.

நண்பர் நம்மிடம் விடைபெறும்போது, "சிவகாசிக்குக் கடல் எதற்கென்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?" என்றார். தீப்பெட்டி எதற்கென்று 1922-இலும் கேட்டிருப்பார்கள் என்று சொல்லியனுப்பினோம். பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளையும் அச்சுக்கூட முதலாளியின் பிள்ளையும் ஒரே படகில் அமர்ந்து ஒரே பாயை இழுத்துப் பிடிக்கும் நாளில், கப்பலோட்டிய தமிழனுக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பங்கேனும் தீரும்.