பஞ்சாங்கமா, பத்திரமா?

விலை பேசியாயிற்று, அச்சாரமும் கைமாறிற்று. கிரயப் பதிவுக்கு இன்னும் ஒரு திங்கள் இருக்கிறது. அத்திங்களில் கீழப்பாவூரில் வீடு வாங்குவோர் செய்வதென்ன? சோதிடரைத் தேடி ஓடுகிறார்கள். வாசலின் திசை பார்க்கிறார்கள். இராகு காலம் விலக்கி நாள் குறிக்கிறார்கள். அரசும் தன் பங்குக்கு, மங்கல நாளென்று சொல்லிப் பதிவு அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் வழங்குகிறது!

தோழர்களே, கேட்கிறேன்: எந்த முகூர்த்தம் அடமானக் கடனைத் தீர்த்தது? எந்தப் பூசை போலிப் பத்திரத்தை மெய்யாக்கிற்று?

ஒப்பந்தம் எழுதியதாலேயே வீடு நமதாகிவிடாது என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். எனவே, காத்திருக்கும் காலம் ஆராயும் காலம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 முதல் தமிழகத்தில் அது கட்டாயம். வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவாகாத அடமானம் அதில் தெரியாது. ஆகவே மூலப்பத்திரம் எவர் கையில் இருக்கிறதென நேரில் பாருங்கள். பட்டாவோடு ஒப்பிட்டு மனையை அளந்திடுங்கள்.

அனைத்திற்கும் மேலாக, பூர்வீக வீடெனில், விற்பவருடன் பிறந்த பெண்களின் கையொப்பம் எங்கே என்று கேளுங்கள். “சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவர்களுக்கேது பங்கு?” என்பார்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முழங்கிற்று; இந்து வாரிசுரிமையில் 1989 முதல் தமிழகத்திலும், 2005இல் இந்தியா முழுமைக்கும் அது சட்டமாயிற்று. அக்கையொப்பத்தைக் கேளாதவன், ஒரு பெண்ணின் பங்கைப் பறிக்கத் துணை நிற்கிறான்; நாளை நீதிமன்றப் படிக்கட்டில் தானும் நிற்பான்.

நல்ல நேரம் வீட்டைக் காக்காது; நேர்மையான பத்திரமே காக்கும்!