தலைக்கு வந்தது டியாராவோடு போச்சு!

என் தலை இதுவரை சுமந்த அதிகபட்ச கனம் ஒரு ஹெல்மெட். அதுவும் டிராஃபிக் கான்ஸ்டபிள் தூரத்தில் தெரிந்தால் தலையில், தெரியாவிட்டால் பெட்ரோல் டாங்க் மேல். இப்பேர்ப்பட்ட ஆசாமி ஐரோப்பிய ராணிகளின் தலையைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால், ஆரம்பித்து வைத்தவர் என் பக்கத்து ஸீட் நண்பர்.

லஞ்ச் அவரில் ஒரு படத்தை நீட்டி, “ஸார், இது கிரீடமா, நெற்றிச்சுட்டியா?” என்றார். எலிஸபெத் மகாராணியின் தலையில் பளபளவென்று ஒரு வஸ்து. “ரெண்டும் இல்லை ஓய், டியாரா” என்றேன். “அப்படின்னா?” என்றார். அன்றைக்கு ஆபீஸில் ஃபைல் எதுவும் நகரவில்லை.

கிரீடம் என்பது தலையைச் சுற்றி முழு வட்டம். நாட்டை ஆள்கிறவர்கள் சமாசாரம். டியாரா அரைவட்டம். முன் பக்கம் மட்டும் ஜொலிக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் வெல்வெட் ரிப்பன் சுற்றிய கம்பியும், கொண்டைக்குள் செருகிய ஊசிகளும்தான். முதலில் கூந்தலில் ஒரு சின்னப் பின்னல் போட்டு, அதோடு சேர்த்துத் தைத்தே விடுகிறார்கள். இல்லாவிட்டால் குனிந்து வணக்கம் சொல்லும்போது கோடி ரூபாய் சூப்புக்குள் விழும்.

இதற்கெல்லாம் எழுதாத சட்டம் உண்டு. பகலில் தொப்பி. மாலை ஆறு மணிக்கு மேல்தான் டியாரா. பழைய சம்பிரதாயப்படி, கல்யாணம் ஆகாத பெண் அதைத் தொடக்கூடாது. முதல் முதலில் தலையில் ஏறுவதே கல்யாணத்தன்றுதான். அதாவது, விருந்துக்கு வருகிற வாலிபர்கள் தூரத்திலிருந்தே தலையைப் பார்த்துவிட்டு, ‘சரி, இது ஆகாது’ என்று வேறு மேஜைக்கு நகரலாம். மெட்டியைப் பார்த்தால் நாம் நகருவதில்லையா? இப்போது இதெல்லாம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

பகல் தொப்பி ஏதோ லேசுப்பட்ட விஷயம் என்று நினைக்காதீர்கள். எலிஸபெத் ராணி மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கண்ணைப் பறிக்கிற கலரில் தொப்பி போட்டதற்குக் காரணம், கூட்டத்தில் பத்தாவது வரிசையில் நிற்கிறவனும் ‘அதோ!’ என்று சொல்ல வேண்டும் என்பது. தொப்பியின் விளிம்பு அகலமாக இருக்காது, முகம் தெரியணுமே. ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்தில் ராணி என்ன கலர் தொப்பியில் வருவார் என்பதற்கே தனியாகப் பந்தயம் கட்டுவார்கள். குதிரையை நம்பிக் கெட்டவன் உண்டு. தொப்பியை நம்பிக் கெட்டவனும் உண்டு! அதே ஆஸ்காட்டில் 2012 முதல், அரச வளாகத்துக்குள் வரும் பெண்கள் தலையில் வைப்பதன் அடிப்பாகம் குறைந்தது 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று விதி. இறகை மட்டும் செருகிக்கொண்டு வந்தால் கேட்டுக்கு வெளியே.

தொப்பி அரசியலும் பேசும். 2017 ஜூனில் பாராளுமன்றத்தைத் திறந்துவைக்க ராணி கிரீடம் இல்லாமல் வந்தார். தலையில் நீலத் தொப்பி. அதன் முன்னால் வரிசையாக நீலப் பூக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் பொட்டு. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறப் பேச்சு ஆரம்பித்த அதே வாரம். ஐரோப்பியக் கொடியும் நீலத்தில் மஞ்சள் நட்சத்திரம். கேட்க வேண்டுமா! உலகமே அர்த்தம் கண்டுபிடித்தது. ராணிக்கு உடை தயாரித்த ஆஞ்சலா கெல்லி 2019-ல் எழுதிய புத்தகத்தில், அது தற்செயல்தான் என்று சத்தியம் செய்யாத குறை. நான் நம்பிவிட்டேன். நீங்கள் உங்கள் இஷ்டம்.

வருஷா வருஷம் அந்தச் சடங்குக்குப் போடும் கிரீடம் ஒரு கிலோவுக்கு மேல், 2,868 வைரம். தலையைக் குனிந்து உரையைப் படித்தால் கழுத்து போய்விடும், அதனால் காகிதத்தைத்தான் முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்ள வேண்டும் என்று 2018-ல் வந்த பி.பி.ஸி. படத்தில் ராணியே சொல்கிறார். நம் ஹெல்மெட் எவ்வளவோ தேவலை.

நண்பருக்கு அதிர்ச்சி கொடுத்த விஷயம் வேறு. அந்த வீட்டு மருமகள்கள் போடுவது பெரும்பாலும் இரவல்! பெட்டகச் சாவி மாமியார் கையில். 2011-ல் வில்லியமைக் கட்டிக்கொண்ட கேட் போட்டது 1936-ல் செய்த ‘ஹேலோ’ டியாரா. பாட்டி ராணி கொடுத்த இரவல். டயானாவின் தலையில் பல வருஷம் ஆடிய முத்து டியாரா, 1996-ல் விவாகரத்து ஆனதும் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. 2015-லிருந்து அது கேட்டின் தலையில். அத்தையின் அட்டிகையைக் கடன் வாங்கி வரவேற்புக்குப் போட்டவர்கள் இனி வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. கேட்டின் முடி அலங்காரத்துக்கு ஒத்திகை பார்க்க நிஜ டியாரா கிடைக்குமா? ஆறரை பவுண்டு கொடுத்து ஒரு கடையில் டூப்ளிகேட் வாங்கிப் பழகியதாக அந்த சிகை அலங்காரக்காரர் பின்னால் சொல்லியிருக்கிறார்.

இரவல் நகை காலை வாரிய கதை 1947-ல் நடந்தது. நவம்பர் 20, எலிஸபெத்துக்குக் கல்யாணம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம். துணிக்கு ரேஷன் கூப்பன். கல்யாணப் பெண்ணுக்கே கவர்ன்மென்ட் 200 கூப்பன் கூடுதலாகக் கொடுத்துத்தான் கவுன் தைத்தார்கள். காலையில் அலங்காரம் நடக்கிறது. அம்மா கொடுத்த டியாராவைத் தலையில் வைக்கிறார்கள். ‘டக்!’ சட்டம் உடைந்தது.

கல்யாண வீட்டில் அப்பளம் நொறுங்கினாலே நமக்கு சகுனம். அங்கே வைரம்! நல்லவேளையாக அரண்மனை நகைக்காரர் கைவசம் இருந்தார். போலீஸ் துணையோடு டியாரா பட்டறைக்குப் பறந்தது. பற்றவைத்துக்கொண்டு திரும்பினார்கள். அதற்குள் பூச்செண்டைக் காணோம். வாடாமல் இருக்கட்டும் என்று ஒரு சிப்பந்தி குளிர்ந்த அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார். அது கிடைத்தால் முத்து மாலையைக் காணோம். பரிசுப் பொருள் கண்காட்சியோடு வேறு அரண்மனைக்குப் போய்விட்டது. செக்ரட்டரி கோல்வில் ஓட்டமாக ஓடி, கண்ணில் பட்ட காரில் ஏறினார். அது நார்வே ராஜாவின் கார்! எப்படியோ முகூர்த்தத்துக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. தலைக்கு வந்தது டியாராவோடு போச்சு. கல்யாண ஃபோட்டோவை உற்றுப் பாருங்கள். நடுவில் பற்றவைத்த இடத்தில் சின்ன இடைவெளி தெரியும். அந்தத் தாம்பத்யம் 73 வருஷம் ஓடியது. சகுனம் பார்ப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்.

தங்கை மார்கரெட் ரோஷக்காரி. இரவல் வேண்டாம் என்று 1959-ல் ஏலத்தில் ஒரு டியாரா சொந்தமாக வாங்கி, மறு வருஷம் அதோடு கல்யாணம் செய்துகொண்டார். பிறகு அதைப் போட்டுக்கொண்டே பாத் டப்பில் உட்கார்ந்தார். கணவர் ஃபோட்டோ எடுத்தார். (படத்தைத் தேடாமல் மேலே படிக்கவும்.) 5,500 பவுண்டுக்கு வாங்கியது. அவர் காலமான பின், 2006-ல் பிள்ளைகள் ஏலம் விட்டபோது ஒன்பது லட்சம் பவுண்டைத் தாண்டியது.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. பதினைந்து வைர வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஊஞ்சல் மாதிரி ஒரு முத்து. ‘விளாதிமிர் டியாரா’ என்று பெயர். 1870-களில் ரஷ்ய ஜார் குடும்பத்து மருமகள் மரியா பாவ்லோவ்னாவுக்காகச் செய்தது. 1917-ல் புரட்சி வந்தது. அம்மாள் காகஸஸ் பக்கம் போய்விட, நகையெல்லாம் பெட்ரோகிராட் அரண்மனையின் ரகசியப் பெட்டகத்தில். ஸ்டாப்ஃபோர்டு என்று ஒரு இங்கிலீஷ்காரர், குடும்ப நண்பர். கூலியாள் வேஷத்தில் உள்ளே புகுந்து, எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு தோல் பைகளில் அடைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார் என்பது கதை. நகை தப்பித்தது. அம்மாள் 1920-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, அதே வருஷம் பிரான்ஸில் கண்ணை மூடினார். தப்பித்த நகையை ஒருநாள்கூட அவர் மறுபடி போட்டதாகத் தெரியவில்லை.

டியாரா மகள் எலெனாவின் பங்குக்கு வந்தது. கிரீஸ் நாட்டு இளவரசர் நிக்கலஸின் மனைவி. மூன்று பெண் குழந்தைகள். அந்தக் குடும்பமும் நாடு விட்டு நாடு அலைந்த குடும்பம். டியாராவை வைத்துக்கொண்டு சோறு பொங்க முடியுமா? 1921-ல் விற்றார். வாங்கியவர் இங்கிலாந்தின் மேரி மகாராணி. நகை விஷயத்தில் அந்த அம்மாளுக்குக் கழுகுக் கண்.

இனிமேல்தான் விஷயம். எலெனாவின் கடைசிப் பெண் மெரீனா வளர்ந்தாள். 1934 நவம்பரில் அவளுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் கல்யாணம். மாப்பிள்ளை யார்? மேரி மகாராணியின் மகன் ஜார்ஜ்! கஷ்டத்தில் விற்ற நகையை வாங்கியவளே சம்பந்தி அம்மாள். “ஸார், சீர்வரிசைல அதைத் திருப்பிக் குடுத்திருக்கணுமே!” என்றார் நண்பர் ஆவேசமாக. ஓய், அது உம்ம வீட்டுக் கல்யாணம் இல்லை. திருப்பிக் கொடுக்கவில்லை. மேரிக்குப் பின் 1953-ல் பேத்தி எலிஸபெத்துக்குப் போனது.

மேரி சும்மா இருக்கவும் இல்லை. முத்தைக் கழற்றிவிட்டு மரகதமும் மாட்டலாம் என்று 1924-ல் மாற்றிச் செய்தார். அந்த மரகதம் எப்படி வந்தது தெரியுமா? லாட்டரியில்! மேரியின் பாட்டி அகஸ்டாவுக்கு 1818-ல் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட்டில் அடித்த பரிசு. பாட்டியிடமிருந்து மகளுக்கு, பிறகு பேரன் ஃபிரான்ஸிஸுக்கு. பேரன் சூதாட்டப் பிரியர், கல்யாணம் ஆகாதவர். 1910-ல் சாகும்போது மரகதத்தைத் தன் ‘சிநேகிதி’ கில்மோரி சீமாட்டிக்கு எழுதிவைத்துவிட்டார். சிநேகிதிக்குக் கணவர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மேரி பதறிப்போய்ப் பணம் கொடுத்து மரகதத்தை மீட்டார். உயிலை யாரும் பார்க்க முடியாதபடி கோர்ட்டில் ஸீல் வைத்தாயிற்று. இங்கிலாந்து அரச குடும்பத்தில் உயிலுக்கு ஸீல் வைக்கும் வழக்கம் அதிலிருந்துதான் ஆரம்பம். மறு வருஷம், 1911 டிஸம்பரில், டெல்லி தர்பாரில் நம் ராஜாக்கள் வரிசையாக வணங்கியது மேரியின் மேல் மின்னிய அந்த லாட்டரி மரகதங்களையும் சேர்த்துத்தான்.

எலிஸபெத் ராணி அந்த டியாராவை மூன்று விதமாகப் போட்டிருக்கிறார். முத்தோடு, மரகதத்தோடு, இரண்டும் இல்லாமல் வெறும் வளையங்களாக. அந்த மூன்றாவது கோலத்துக்கு நகைப் பைத்தியங்கள் இங்கிலீஷில் வைத்திருக்கும் பெயர் ‘விதவை’. நம் பாட்டிமார்கள் ‘மூளி’ என்பார்களே, அதேதான்.

நண்பர் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். முத்து பதினைந்தையும் விரலால் தொட்டு எண்ணினார். “அந்த எலெனாம்மா கல்யாணத்தன்னிக்கு சம்பந்தி தலையைப் பார்த்திருப்பாங்களா ஸார்?” என்றார். அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.