எரிந்த கார் யாருடையது?

ஜூலை 13 சாயங்காலம். வழக்கம்போல கடற்கரையில், மேரி கட்டிடத்துக்குப் பக்கத்தில் உள்ள பெஞ்சில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் பிரெஞ்சு தேசிய தினம். சொல்தா நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பவர்தான்) மெடல்களையெல்லாம் துடைத்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது இன்னொருவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பல மாடி கார் நிறுத்தத்திலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் வந்து விழுகின்றன. "பாத்தீங்களா முசே, உங்க பிரான்சோட லட்சணத்த!"

வீட்டுக்கு வந்து பேரனிடம் காட்டினேன். இரண்டு நிமிஷத்தில் தேடிச் சொல்லிவிட்டான். அது அமெரிக்காவில் க்ளீவ்லாந்து நகரத்தில் ஒரு சினிமாவுக்காக எடுத்த காட்சியாம். பிரான்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீடியோவை வைத்துக்கொண்டு பெஞ்சில் ஒரு மணி நேரம் நியாயம் பேசினோம்.

பேசியதை மூன்று வாக்கியத்தில் அடக்கிவிடலாம். ஒன்று, அந்த அரபிப் பசங்களுக்கும் கறுப்பனுங்களுக்கும் வளர்ப்பு சரியில்லை. இரண்டு, நாமும்தான் அங்கே போனோம், நாம் எதையாவது எரித்தோமா? மூன்று, நாலு பேரைச் சுட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

மூன்றாவதுக்கு மட்டும் அங்கேயே கேட்டேன்: "ஒருத்தனைச் சுட்டதாலதானே இதெல்லாம் ஆரம்பிச்சுது?" யாரும் பதில் சொல்லவில்லை. 2023 ஜூன் 27-ஆம் தேதி பாரிசுக்குப் பக்கத்தில் நான்தேரில், காரில் வந்த 17 வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் கிட்டத்தில் நின்று சுட்டார். போலீஸ்காரர் மேலே காரை ஏற்ற வந்தான் என்றுதான் முதலில் சொன்னார்கள். யாரோ எடுத்த வீடியோவில் போலீஸ்காரர் காருக்குப் பக்கவாட்டில் நிற்பது தெரிந்தது. அந்த வீடியோ இல்லாவிட்டால் அந்த முதல் கதையே சரித்திரமாகியிருக்கும். 35 வருஷம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், முதலில் எழுதப்படும் குறிப்புக்கு உள்ள பலம் எனக்குத் தெரியும்.

மற்ற இரண்டு வாக்கியங்களுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2005-ல் நானும் அந்த பெஞ்சுக்காரர்களைப் போலத்தான் பேசினேன்.

அந்த வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி க்ளிஷி-சூ-புவா என்ற ஊரில், பந்து விளையாடிவிட்டு வந்த பையன்கள் போலீசைக் கண்டு ஓடினார்கள். மூன்று பேர் ஒரு மின்மாற்றிக் கூடத்துக்குள் ஒளிந்தார்கள். மின்சாரம் தாக்கி 17 வயது ஸியெதும் 15 வயது பூனாவும் இறந்துபோனார்கள். மூன்றாவது பையன் தீக்காயத்தோடு பிழைத்தான். பிறகு மூன்று வாரம் பிரான்சு முழுவதும் எரிந்தது. சுமார் 10,000 வாகனங்கள். அல்ஜீரியப் போர் சமயத்தில், 1955-ல் கொண்டுவந்த அவசரநிலைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

அப்போது உள்துறை அமைச்சர் சார்கோஸி. பையன்கள் சாவதற்கு இரண்டு நாள் முன்புதான் அர்ஜான்தேய் என்ற ஊரில் நின்றுகொண்டு அந்தப் பேட்டைப் பிள்ளைகளை "ராக்காய்" என்றார். பிரெஞ்சு தெரிந்த நம் வயதுக்காரர்களுக்கு அந்த வார்த்தையின் நாற்றம் தெரியும். காலிப்பயல், கழிசடை என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.வி.யில் அதைக் கேட்டு நான் கை தட்டினேன். என் மனைவி சாட்சி.

அந்தக் கலவரத்தில் எரிந்த கார்களில் ஒன்று சர்செலில் இருந்த என் அத்தானுடையது.

அத்தான் பட்டாளத்தில் 15 வருஷம் இருந்தவர். அல்ஜீரியாவிலும் இருந்தார். பிறகு, 1973-ல் திறந்த ஒல்னே சித்ரோயன் தொழிற்சாலையில் கார் பூட்டும் வேலைக்குச் சேர்ந்து, ரிட்டயர் ஆகும் வரை அங்கேயே இருந்தார். எரிந்ததும் ஒரு சித்ரோயன்தான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்ததால் ஒரு காசு வரவில்லை. துக்கம் விசாரிப்பதுபோல போன் செய்து, அந்த ராக்காய்களை என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தேன். அத்தான் பாதியிலேயே நிறுத்தினார்.

"மச்சான், எனக்கும் வயிறு எரியுது. ஆனா கேளு. எரிச்சவன் எதுத்த பில்டிங் பையனாத்தான் இருக்கும். அவன் அப்பன் என்கூட லைன்ல நின்னவன். மொரோக்கோவுக்கே ஆள் அனுப்பி, தோள் இருக்கா, பல்லு இருக்கான்னு பாத்துக் கூட்டியாந்தானுங்க. அப்பனுக்கு வேலை இருந்துது. புள்ளை பள்ளிக்கூடம் முடிச்சிட்டு நாலு வருஷமா படிக்கட்டுல குந்தியிருக்கான். எனக்கு யாரைத் திட்டணும்னு தெரியுது. நீ பாண்டிச்சேரியில குந்திக்கினு யாரைத் திட்டறே?"

காரைப் பறிகொடுத்தவர் பேசியது இது. ஒரு சைக்கிள்கூடப் பறிகொடுக்காத நான் பேசியது அது. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த போன் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். வளர்ப்பு சரியில்லை என்பது நம் பெஞ்சுக்கு மட்டும் சொந்தமான பேச்சு அல்ல. 2005-ல் பிரெஞ்சு அகாதெமியின் நிரந்தரச் செயலாளர் எலேன் கரேர் தான்கோஸ் அம்மையாரே, பலதார மணம்தான் காரணம் என்கிற மாதிரி பேசினார். 2023-ல் ஜனாதிபதி மக்ரோன் வீடியோ கேமையும் பெற்றோரையும் சொன்னார். பெற்றோருக்குப் பொறுப்பு இல்லையா? உண்டு. ஆனால் வளர்ப்பு கெட்டது ஏன் ஒரே மாதிரியான பேட்டைகளில் மட்டும் என்று யாரும் கேட்பதில்லை. 2005-ல் அந்தப் பேட்டைகளில் வேலை தேடிய இளைஞர்களில் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி வேலை கிடைக்காதவர்கள். க்ளிஷி-சூ-புவா பாரிசிலிருந்து 15 கிலோமீட்டர்தான். அப்போது அங்கே ஒரு ரயில் நிலையம் கிடையாது. பஸ் மாறிப் பாரிஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நம் ஊரிலிருந்து விழுப்புரம் போவதற்கு ஆகும் நேரம்.

சரி, படித்து முன்னேறட்டுமே என்பீர்கள். அமாதியூ என்ற பேராசிரியர் 2004-ல் ஒரு சோதனை செய்தார். ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயரில் நிறுவனங்களுக்கு அனுப்பினார். அரபுப் பெயருக்கு வந்த நேர்முக அழைப்பு, பிரெஞ்சுப் பெயருக்கு வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் பாரிசின் பெரிய ரயில் நிலையங்களில் ஆய்வாளர்கள் நின்று எண்ணினார்கள். வெள்ளைக்காரரைவிடக் கறுப்பரைப் போலீஸ் நிறுத்திக் கேட்பது ஆறு மடங்கு, அரபு முகத்தை நிறுத்துவது ஏறக்குறைய எட்டு மடங்கு. குழந்தைக்கு வளர்ப்பு சொல்லிக்கொடுக்கும் அப்பனையே மகன் எதிரில் நிறுத்தி கார்த் கேட்டால், அந்த வீட்டில் அப்பன் பேச்சு எத்தனை நாள் எடுபடும்?

இரண்டாவது வாக்கியம் நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நாமும்தான் போனோம், நாம் எரிக்கவில்லை. உண்மைதான். ஆனால் நாம் எப்படிப் போனோம்? 1962-ல் ஒப்பந்தம் அமலானபோது ஆறு மாதத்துக்குள் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க நம்மவர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது. கையில் பிரெஞ்சுக் காகிதத்தோடு, வாயில் பிரெஞ்சோடு, பலர் பட்டாளத்துப் பென்ஷனோடு விமானம் ஏறினோம். அந்த மொரோக்கோக்காரர் தோளையும் பல்லையும் காட்டித்தான் ஏறினார். ஒரே கப்பலில் வந்ததுபோல் பேசக்கூடாது.

அதிலும் நம் பேரப்பிள்ளைகள் தப்பிக்கவில்லை. எங்கள் பாட்டனார் 1881-க்குப் பிறகு தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர். அத்தானின் பேரனுக்கும் அப்படியொரு பெயர்தான். பெயரைப் பார்த்து நேர்முகத்துக்குக் கடிதம் வரும். முகத்தைப் பார்த்ததும் "பிறகு எழுதுகிறோம்". ஒரு மாதத்தில் மூன்று தடவை ரயில் நிலையத்தில் நிறுத்தி கார்த் கேட்டிருக்கிறார்கள். போன வருஷம் லீவுக்கு இங்கே வந்தபோது, "தாத்தா, எங்களை அவங்க அரபின்னு நினைக்கிறாங்க" என்று ஒருவர் அவனிடமே சிரித்துக்கொண்டு சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "நினைச்சா என்ன? அவங்களை மட்டும் அப்படி நடத்தலாமா?" என்று கேட்டான். அந்தப் பையனுக்கு இருக்கிற அறிவு நம் பெஞ்சுக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் தீ வைத்ததை நான் நியாயப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். லாய்-லே-ரோஸ் ஊர் மேயரின் வீட்டில் 2023 ஜூலையில் காரை விட்டு மோதினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவர் மனைவிக்குக் காயம். அது கொலைபாதகம், தண்டிக்க வேண்டியது. மெட்ஸ் நகரில் பொர்னி பேட்டையின் நூலகம் எரிந்தது. எரித்தவனுடைய தங்கை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய மேசை அதில் இருந்திருக்கும். எரிவது எப்போதும் அத்தானின் கார்தான். அமைச்சரின் கார் எரிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் காரணத்தைச் சொல்வது ஒன்று, மன்னிப்பது வேறொன்று. காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்கிற டாக்டரைக் காய்ச்சலுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று யாரும் சொல்வதில்லை. 2018-ல் பொர்லோ என்ற முன்னாள் அமைச்சர் இந்தப் பேட்டைகளுக்காக ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதை ஓரம்கட்டினார்கள். 2023-ல், சுட்ட போலீஸ்காரரின் குடும்பத்துக்கென்று ஒருவர் உண்டியல் வைத்ததும் சில நாளில் 16 லட்சம் யூரோவைத் தாண்டி விழுந்தது. பையனின் தாய்க்குச் சேர்ந்தது அதைவிட மிகக் குறைவு. இதைப் பார்க்கிற 17 வயதுப் பிள்ளை எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வான்?

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. க்ளிஷி-சூ-புவாவுக்கு 2010-ல் காவல் நிலையம் வந்தது, 2019-ல் டிராம் வந்தது. இரண்டும் கலவரத்துக்குப் பிறகு. மனு கொடுத்தபோது வராதது, தீ வைத்த பிறகு வந்தால், தீயைக் கற்றுக்கொடுத்தது யார்? மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மனு வாங்கியவன் நான். "அடுத்த வாரம் வாங்க" என்று எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

நம் ஊரையும் மறக்க வேண்டாம். 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில் தொழிலாளிகள் மேலே இதே பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அவர்களை அன்றைக்குக் கலகக்காரர்கள் என்றுதான் கவர்னர் மாளிகை வீதியில் பேசியிருப்பார்கள். மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்று நாம் அவர்களைத் தியாகிகள் என்கிறோம், மாலை போடுகிறோம். 

ஜூலை 14 என்ன நாள் என்பதையும் பெஞ்சு நண்பர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். 1789-ல் பாஸ்தீயைப் பிடித்தவர்கள் ரொட்டி விலை ஏறிக் கிடந்த பேட்டையின் தச்சர்களும் சில்லறைக் கடைக்காரர்களும்தான். அன்றைய கனவான்கள் அவர்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று சொல்லவா வேண்டும்? அந்த நாளுக்காகத்தான் நம் நண்பர் மெடலைத் துடைக்கிறார்.

மறுநாள் காலை நானும் போனேன். கொடி ஏறியது, பாட்டுப் பாடினோம். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுக்கொடுத்த சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொல்லையும் நான் இன்னும் நம்புகிறேன். நம்புவதால்தான் இதை எழுதுகிறேன். சர்செலில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற பையனும் அதே மூன்று சொல்லைத்தான் பள்ளிக்கூட வாசலில் தினமும் படித்துவிட்டு உள்ளே போனான்.

பெஞ்சு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வீடியோ வந்தால் முதலில் உங்கள் பேரனிடம் காட்டுங்கள். பிறகு பேசலாம்.