மென்பொருள் விழுங்கிய அரை மாத்திரை

அல்வாலிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழ் முதியவர்களின் பேச்சை நான்கு ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். செகந்தராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டித் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் இவை. சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரம், தெலுங்குச் சூழலில் எவ்வாறு ஒலிக்கிறது என்பதே என் ஆய்வுப்பொருள். தெலுங்கில் சொல்லிறுதி உகரம் முழுமையாக ஒலிக்கும். தமிழிலோ அது குறுகும். தொல்காப்பியம் அதற்கு அளித்த அளவு அரை மாத்திரை.

சென்ற ஆண்டு என் தரவு என்னைத் திகைக்க வைத்தது. முதல் ஈராண்டுப் பதிவுகளில் தெளிவாகக் கேட்ட உகரம், பிந்தைய பதிவுகளில் பல இடங்களில் இல்லவே இல்லை. இதை ஒரு மொழிமாற்றமாகக் கருதிக் கட்டுரை எழுதவும் தொடங்கிவிட்டேன். பிறகுதான் உண்மை விளங்கியது. மாறியது மக்களின் நாவன்று. என் கணினியிலிருந்த ஒலித்தொகுப்பு மென்பொருள். இடையில் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். ஹக்கீம்பேட்டை விமானப்படைத் தளத்தின் விமான ஒலியைக் குறைப்பதற்காக நான் வழக்கமாகச் செய்யும் இரைச்சல் நீக்கம், புதிய பதிப்பில் மெலிந்த உகரத்தையும் இரைச்சலென்று துடைத்துவிட்டிருந்தது. சோதித்துப் பாராத பிழை என்னுடையதே.

புதிய பதிப்பு என்றால் மேலான தரம் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். பாடல் வெளியிடுவோருக்கு அது பொருந்தலாம். ஆய்வாளனுக்கு வேண்டியது ஒலியின் அழகன்று. முதல் நாள் பதிவையும் இறுதி நாள் பதிவையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடிய சீர்மை. பதிப்பு மாறும்போது தராசே மாறக்கூடும். பலரும் பயன்படுத்தும் அடாசிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் வந்த 2.1.0 பதிப்பில் அதன் இரைச்சல் நீக்கக் கருவி புதிதாக வடிவமைக்கப்பட்டது. 2021இல் வந்த 3.0 பதிப்பில் கோப்பு வடிவமே மாறியது. புதிய வடிவில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க இயலாது. இவை குறைகள் அல்ல, வளர்ச்சிகளே. ஆனால் அவ்வளர்ச்சி ஓர் ஆய்வின் நடுவே நிகழ்ந்தால் அதற்கு நாம்தான் பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே சக ஆய்வாளர்களுக்குச் சில வேண்டுகோள்கள். களத்தில் எடுத்த மூலப்பதிவை வேவ் கோப்பாக, எந்தத் திருத்தமும் செய்யாமல் தனியே பாதுகாத்திடுங்கள். அளவீடுகளை மூலத்திலிருந்தே எடுங்கள். இரைச்சல் நீக்கிய படி காதால் கேட்டு எழுதுவதற்கு மட்டுமே உதவட்டும். ஓர் ஆய்வை ஒரே பதிப்பில் முடியுங்கள். மாற்றியே ஆக வேண்டுமெனில், பழைய பதிவொன்றை இரு பதிப்புகளிலும் ஒரே முறையில் செலுத்தி ஒப்பிடுங்கள். அதே ஒலிவாங்கியில், அதே தொலைவில், அதே பத்தியை வாசித்துப் புதிதாகவும் சோதியுங்கள். மாதிரி வீதம், உள்ளீட்டு ஒலியளவு, இயங்குதளம் தானாகச் செய்யும் ஒலி மேம்பாடு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மேம்படுத்தியதும் இவை நாமறியாமலே இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வேட்டில் நூற்பட்டியலின் காற்புள்ளி வரை சரிபார்க்கும் நாம், ஒலித்தரவு எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில் உருவானது என்று கேட்பதில்லை. பின்னிணைப்பில் ஒரு பக்கம் அதற்கென ஒதுக்கப்பட வேண்டும். கிரியர்சனின் இந்திய மொழியியல் கணக்கெடுப்பையொட்டி எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகள் நூறாண்டு கடந்தும் ஆய்வுக்குப் பயன்படுவது, மூலம் எஞ்சியிருப்பதால்தான்.

என் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இருந்தது. மீண்டும் அளந்தேன், உகரங்கள் திரும்பி வந்தன. ஒரே ஒரு பெரியவரின் பதிவில் மட்டும், இடமில்லையென்று மூலத்தை நானே அழித்திருந்தேன். அவர் இன்று இல்லை. அவர் தம் ஊர்ப்பெயரைச் சொல்லும்போது இறுதியில் உகரம் ஒலித்ததா என்று கேட்டால், என்னிடம் விடையில்லை.