செவிக்குக் கதவில்லை

கண்ணுக்கு இமையைக் கொடுத்த இறைவன் காதுக்கு அப்படி ஒரு மூடியைக் கொடுக்கவில்லை. காண விரும்பாததைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம்; முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்க விரும்பாத ஒலியோ உறக்கத்திலும் நம்மைத் தேடிவந்து எழுப்பிவிடும். இவ்வுண்மையை நாம் எத்தனையோ நூல்களில் படித்ததுண்டு. ஆயினும் அதை நம் உள்ளத்தில் பதியுமாறு கற்பித்தவர் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தாய்.

சென்ற தவணையில் எமது கல்லூரியிலே பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. மகளின் புள்ளிகளைப் பற்றி நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே அமர்ந்திருந்த அவ்வம்மையார் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். மகள் வெட்கத்தோடு தோளைத் தொட, திடுக்குற்று விழித்தார்.

“மன்னிச்சுக்கங்க சேர். ராவெல்லாம் பெக்டரி வேலை. பகல்ல கொஞ்சம் படுக்கலாம்னா லயத்து வாசல்லதான் ரோடு. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் தலைமாட்டுல ஓடுற மாதிரி இருக்கு” என்றார்.

அவர் குறை கூறவில்லை. காரணம் மட்டுமே கூறினார். ஆனால் அச்சொற்கள் பல நாள் நம்மை விட்டு அகலவில்லை. பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாட்டப்பட்டு, விடியுமுன்னரே அரைபடத் தொடங்குகிறது. நாம் காலையில் சுவைக்கும் தேநீருக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய இரவு உறக்கம் இருக்கின்றது. அவ்வுறக்கத்தைப் பகலிலேனும் ஈடுசெய்ய விடாமல் பறித்துக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

பண்டாரவளை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர். பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை எமது ஊரின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. விடுமுறை நாள்களில் எல்லைக்குச் செல்லும் இளைஞர் கூட்டம், பத்தும் இருபதுமாக மோட்டார் சைக்கிள்களில் இவ்வழியே பறக்கும். ஏற்றத்தில் கியரைக் குறைத்து எஞ்சினை முடுக்கியாகவேண்டும். ஆதலால் சமவெளியில் எழும் ஒலியினும் மலையில் எழும் ஒலி மிகுதி. இரவிலோ நிலைமை இன்னும் கடினம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்க, அதைவிட வெப்பமான காற்று மேலே நிற்க, மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கித் திரும்புகிறது. ஒரு மலைச்சரிவில் எழுந்த உறுமல் எதிர்ச்சரிவில் உள்ள லயத்தை எழுப்புவது இதனாலேயே.

இவ்வுறுமல் வண்டியோடு பிறந்ததன்று என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். எஞ்சினிலிருந்து வெடித்து வெளியேறும் வாயுவைச் சிற்றறைகளிலும் துளையிட்ட குழாய்களிலும் புகுத்தி, ஒலியலைகள் தமக்குள் மோதி அடங்குமாறு செய்வதே சைலன்சரின் தொழில். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது 1897ஆம் ஆண்டில். அன்று முதல் பொறியியலாளர் பல தலைமுறைகளாக முயன்று ஒலியைக் குறைத்து வந்திருக்கின்றனர். எமது பாதைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவில் உற்பத்தியானவை. அந்நாட்டு விதிப்படி, புதிய மோட்டார் சைக்கிளின் ஒலி, எஞ்சின் கொள்ளளவு 80 சி.சி. வரை 75 டெசிபலையும், 175 சி.சி. வரை 77 டெசிபலையும், அதற்கு மேல் 80 டெசிபலையும் தாண்டலாகாது. ஆகவே வண்டி தொழிற்சாலையிலிருந்து அடக்கமாகவே புறப்படுகிறது. அதற்கு ஆர்ப்பரிக்கக் கற்றுக்கொடுப்பது நம்மூர் ‘கராஜ்’.

நம் பழைய மாணவன் ஒருவன் அவ்வாறு சைலன்சரைக் கழற்றி, வெறும் குழாய் ஒன்றைப் பொருத்திக்கொண்டு திரிந்தான். கொழும்பில் கடையொன்றில் உழைத்து, லீசிங் எடுத்து வாங்கிய வண்டி. அவன் இருப்பதும் அவ்வம்மையாரின் தோட்டத்திலேதான். ஒருநாள் பஸ் நிலையத்தருகே அவனைக் கண்டு, “ஏன் தம்பி இப்படி?” என்றோம்.

“சேர், வளைவுல வர்ற பஸ்ஸுக்காரங்க நம்மள எங்க பாக்குறாங்க? சத்தம் கேட்டாத்தான் ஒதுங்குறாங்க” என்றான்.

அவன் கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. மலைநாட்டு வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. அங்கே ஹோர்ண் ஒலிப்பது குற்றமன்று, கடமை. பெரிய வண்டி சிறிய வண்டியை மதியாத பாதையில் சிறியவன் தன்னைக் காத்துக்கொள்ள வழி தேடுவதும் இயல்பே. ஆனால் வெளியேறும் குழாய் பின்னோக்கியல்லவா இருக்கிறது? அதன் முழு ஓசையும், முன்னே வரும் பஸ்ஸைவிடக் கடந்து வந்த வீடுகளுக்கே மிகுதியாகச் சேருகிறது. ஆபத்துள்ள வளைவில் ஒருமுறை ஒலிக்கும் ஹோர்ண் எச்சரிக்கை. ஊர் முழுதும் ஓயாது ஒலிக்கும் குழாய் எச்சரிக்கையன்று. எப்போதும் கூவுகிறவனுடைய கூக்குரலை யார் பொருட்படுத்துவர்?

இதை அவனிடம் சொன்னோம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, சிரித்தான். பிறகு அந்தத் தாயைப் பற்றிச் சொன்னோம். சிரிப்பு நின்றது. “அந்த அக்கா பகல்ல தூங்குவாங்கன்னு நெனைக்கல சேர்” என்றான். இரண்டு வாரம் கழித்துப் பழைய சைலன்சர் அவன் வண்டியில் திரும்பவும் ஏறியிருந்தது.

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் அன்பர்களே, அவன் நம் மாணவன்; அந்தத் தாயை அவன் அறிவான். ஞாயிற்றுக்கிழமை எல்லைக்குப் பறக்கும் அந்நியர் யாருடைய மாணவர்? எந்த லயத்தில் யார் உறங்குகிறார் என்று அவர்களிடம் யார் சொல்வது? அறிந்தவர்களிடையே அறிவுரை போதும்; அறியாதவர்களிடையே சட்டம் வேண்டும். சட்டம் என்பது, நாம் ஒருபோதும் சந்திக்கமாட்டாத ஒருவருக்காக நாம் காட்டும் மரியாதையே அன்றி வேறில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லையென்று கூறமுடியாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளியாயின. அவற்றின்படி மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50 டெசிபல். பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. ஆனால் இவ்வளவுகள், ஒலி எழும் நிலத்தின் எல்லையில் நின்று அளக்கப்படுவன. ஆலைக்கு எல்லையுண்டு, மரமடுவத்துக்கு எல்லையுண்டு. ஓடும் வண்டிக்கு எல்லை ஏது? மேலும் அவ்விதிகளில் பகல் என்பது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. நம் அம்மையாரின் இரவு தொடங்குவதே அந்தப் பகலில்தான்!

2011இல் வாகன ஹோர்ண்களுக்கென்றே தனி ஒழுங்குவிதி வந்தது. 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபலையும், 7 மீற்றரில் 93 டெசிபலையும் தாண்டும் ஹோர்ண்கள் தடுக்கப்பட்டன. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவிற்கொண்டால், இவ்வெல்லையே எவ்வளவு தாராளமானது என்பது விளங்கும். 2025 சனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தையொட்டிப் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் விதிக்குப் புறம்பாகப் பொருத்தப்பட்டவற்றை அகற்றப் புறப்பட்டனர். சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன; அவகாசமும் கொடுக்கப்பட்டது. கெடுபிடி வரும்போது அடங்குவதும், அது தளர்ந்ததும் மீண்டும் முழங்குவதும் நமக்குப் பழகிப்போன கதை.

பழைய உரோமாபுரியில் யூலியஸ் சீசர் காலத்திலேயே, பெரும்பாலான வண்டிகள் பகலில் நகரத்துக்குள் ஓடலாகாதென விதித்தனர். பகல் நெரிசல் குறைந்தது. இரவு முழுதும் சக்கரங்களின் ஓசையால் மக்கள் உறக்கமிழந்தனர். சத்தத்தை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுவது தீர்வாகாது. அது பிறக்கும் இடத்திலேயே அடக்கவேண்டும். பிரான்சில் 2022 முதல், வேகத்தைப் படம்பிடிப்பது போலவே ஒலியை அளந்து வண்டியை இனங்காணும் கருவிகளைப் பாதையோரத்தில் நிறுத்திச் சோதித்து வருகின்றனர்.

அவ்வளவு செலவு நமக்கு வேண்டாம். 2008 முதல் நம் நாட்டு வாகனங்கள் ஆண்டுதோறும் புகைச் சோதனைக்குச் சென்று, சான்றிதழ் பெற்ற பின்னரே வருமான அனுமதிப்பத்திரம் பெறுகின்றன. புகைக்குழாயின் வாயில் புகையை அளக்கும் அவ்விடத்திலேயே ஓர் ஒலிமானியையும் வைத்தால் என்ன? சான்றிதழ் பெற்றபின் குழாயை மாற்றுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகப் போக்குவரத்துப் பொலிஸார் கையில் அதே கருவி இருக்கட்டும். அளவு இல்லாத சட்டம் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. ஏழையின் வண்டி பிடிபடும், செல்வரின் வண்டி பறந்துவிடும். கருவி ஆளைப் பார்ப்பதில்லை. அத்துடன் குழாயை வெட்டிக்கொடுக்கும் கராஜ்காரரையும் சட்டம் கேட்கவேண்டும். வாங்கியவனை மட்டும் தண்டித்து, விற்றவனை விட்டுவிடுதல் முறையன்று.

பிறரைக் கூறிவிட்டு நம்மைக் கூறாதிருப்பது நேர்மையாகாது. 2007 நவம்பரில் எமது நாட்டின் உயர் நீதிமன்றம், வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. விரும்பாத ஒருவரைக் கட்டாயக் கேட்பாளராக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் சாரம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென்பது அதிலே பொதுவிதியாக வகுக்கப்பட்டது. அத்தீர்ப்பு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. திருவிழாக் காலத்தில் விடியுமுன் நம் கோவிற் கூரையிலிருந்து எழும் பாட்டும் அந்தத் தாயின் காதில்தான் விழுகிறது. இறைவனுக்கு மந்திரம் கேட்க ஒலிபெருக்கி தேவையில்லை என்பதை, ஆலயத்தில் அமர்ந்து நாமே ஏற்கவேண்டும். நம் கூரையை அடக்கிய பிறகே பிறர் குழாயை அடக்கச் சொல்லும் தகுதி நமக்கு வரும்.

வேகத்திலும் ஓசையிலும் ஆர்வமுள்ள இளைஞரை நாம் வெறுக்கவில்லை. அதற்கெனத் தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயத் திடல் உண்டு. விரும்பிச் செல்பவர்கள் அங்கே விரும்பிக் கேட்கிறார்கள். லயத்து வாசல் பந்தயத் திடலன்று.

நிறைகுடம் தளும்பாது என்பர் நம் முன்னோர். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாய் வருவார். அன்று அவர் கண்ணயராமல், தம் மகள் கணிதத்தில் பெற்ற புள்ளிகளை முழுதாகக் கேட்டுச் செல்லவேண்டும் என்பதே நம் விருப்பம். அவ்வளவு சிறிய விருப்பம் நிறைவேறுவதற்கு ஒரு சட்டம், ஒரு கருவி, இவற்றோடு பாதையில் செல்லும் ஒவ்வொருவரிடமும் சிறிது நினைவு வேண்டியிருக்கிறது.

வாசகரே, அடுத்தமுறை லயம் ஒன்றைக் கடக்கும்போது முடுக்கியைச் சற்றே தளர்த்துங்கள். உள்ளே யாரோ இப்போதுதான் படுத்திருப்பார்.