பழைய பம்பரா... புதுப் பம்பரா?



ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறதே, நம்ம அம்பாசடர்... அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். 'ஐயோ, ஆட்டோமொபைல்காரன் மறுபடி ஆரம்பிச்சுட்டான்டா' என்று சிவில் நண்பர்களும் எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். செலவாகப் போவது பேரவைப் பணம். அதில் உங்கள் சந்தாவும் இருக்கிறது!

விஷயம் இதுதான். 1971 மாடல் மார்க்-2 வண்டி. இன்ஜின் ஓடுகிறது. டிங்கரிங் முடிந்து பிரைமரும் அடித்தாகிவிட்டது. மீதி இருப்பது வெளியே மின்னவேண்டிய சாமான்கள்: முன் பம்பர், பின் பம்பர், ஹெட்லைட் வளையம், வீல் கப், கதவுக் கைப்பிடி, பக்கவாட்டில் ஓடும் பட்டைகள். இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையில் புதுசு வாங்கி மாட்டுவதா, இருப்பதையே மறுபடி குரோம் முலாம் பூசி மாட்டுவதா? இதில் எங்கள் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள். நான் பழைய பம்பர் கட்சி. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புதுசு கட்சிக்காரர்களின் வாதம் லேசானதல்ல. சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் அம்பாசடர் பம்பர் இன்றைக்கும் கிடைக்கும். உத்தரபாரா தொழிற்சாலை 2014-ல் நின்றுபோனாலும், அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டியாச்சே, சாமான் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் விசாரித்தவரையில், ஒழுங்கான பட்டறையில் ஒரு பழைய பம்பருக்கு முலாம் பூசக் கேட்கும் பணத்தில் கிட்டத்தட்ட இரண்டு புதுப் பம்பர் வாங்கிவிடலாம். "பாதி விலையில் பளபளன்னு புதுசு வருது, துருப்பிடிச்சதைத் தூக்கிட்டு ஏண்டா அலையறே? பாக்கறவனுக்கு என்ன தெரியப்போகுது?" என்று என் பெஞ்சு நண்பன் கேட்கிறான். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தப் புதுப் பம்பரைக் கையில் தூக்கிப் பார்த்தீர்களா? நாங்கள் பார்த்தோம். கடைக்காரர் அனுமதியோடு மைக்ரோமீட்டரும் வைத்தோம். பழையதைவிடத் தகடு மெல்லிசு. வளைவு சரியாக உட்காரவில்லை. பிராக்கெட் துளைகள் ஒரு பக்கம் தள்ளி இருந்தன. "துளையைக் கொஞ்சம் இழுத்து மாட்டிக்கங்க தம்பி, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் கடைக்காரர். இழுத்து மாட்டலாம். இழுத்த இடத்தில் முலாம் போய்விடும். முலாம் போன இடத்தில் நம் ஊர் உப்புக் காற்று உட்காரும். அப்புறம் என்ன, அடுத்த ஆண்டு ஜூனியர்கள் கையில் உப்புத்தாளோடு நிற்கவேண்டியதுதான்!

இந்த இடத்தில் முலாம் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பம்பரில் நாம் 'குரோம்' என்று சொல்வதில் குரோமியம் இருப்பது மிகக் கொஞ்சம். மேலே உள்ள குரோமியப் படலம் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது. நம் தலைமுடியே ஐம்பது, எழுபது மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் அந்தப் பளபளப்பைத் தருவது அடியில் இருக்கும் நிக்கல். நல்ல வேலையில் அது இருபது மைக்ரானுக்குக் குறையாது. அதற்கும் கீழே செம்பு. நிக்கல் தனியாக இருந்தால் மஞ்சள் பூத்து மங்கிவிடும். அது மங்காமல், இலேசான நீல ஒளியோடு நிற்பதற்குத்தான் மேலே குரோமியம். மலிவு வேலைக்காரன் கை வைப்பது நிக்கலில்தான். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். இரண்டு மழைக்காலம் போனால் புள்ளி புள்ளியாகத் துரு எழும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பழைய பம்பரை மீட்கும் வேலையைப் பாருங்கள். முதலில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் குரோமியத்தைக் கழுவ வேண்டும். பிறகு சல்பூரிக் ஆசிட்டில் தலைகீழ் மின்சாரம் கொடுத்து நிக்கலை உரிக்க வேண்டும். வெறும் இரும்பு வெளியே வந்ததும் நசுங்கலைத் தட்டி எடுத்து, குழி விழுந்த இடத்தை நிரப்பி, பஃபிங் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். பிறகு செம்பு, மறுபடி பஃபிங், வேண்டுமானால் மறுபடி செம்பு. அதற்கப்புறம்தான் நிக்கல். கடைசியில் சில நிமிஷம் மட்டும் குரோம் டேங்க். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தத் தேய்ப்பவரின் தோளுக்குத்தான் போகிறது. அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அதே பணம் மெல்லிசுத் தகட்டுக்குப் போவதைவிட ஒரு கைவேலைக்காரருக்குப் போகட்டுமே!

இன்னொன்று. மின்னுவதெல்லாம் குரோம் இல்லை. நம் வண்டியின் சாமான்களை ஒரு சனிக்கிழமை முழுக்க மேஜையில் பரப்பி வைத்து, காந்தமும் அரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பம்பர், வீல் கப் எல்லாம் இரும்பு. காந்தம் பச்சென்று ஒட்டியது. பக்கவாட்டுப் பட்டைகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். (ஸ்டெயின்லெஸ்ஸிலும் சில ரகத்தில் காந்தம் ஒட்டும். காந்தத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.) இவற்றுக்கு முலாமே வேண்டாம். நெளிவை மரச்சுத்தியால் தட்டி, பஃபிங் சோப்பு போட்டு நாமே மெருகேற்றிவிடலாம். காசு செலவில்லை, நம் ஒர்க் ஷாப்பிலேயே சக்கரம் இருக்கிறது. கதவுக் கைப்பிடிகளோ துத்தநாக வார்ப்பு. கையில் எடுத்தால் கனமாக இருக்கும், காந்தம் ஒட்டாது.

இந்தத் துத்தநாக வார்ப்புதான் வில்லன். அடியில் காற்றுப்பட்டு அரித்து, கொப்புளம் கொப்புளமாக முலாமைத் தூக்கிவிடும். இரும்பைப் போல இதை ஆசிட்டில் போட்டால் சாமானே கரைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தம் பழைய பியட்டின் கைப்பிடி நான்கையும் ஒரு பட்டறையில் கொடுத்தார். பெயர் வேண்டாம். பையன் எல்லாவற்றையும் பம்பரோடு சேர்த்து ஒரே தொட்டியில் முக்கிவிட்டான். திரும்பி வந்தபோது கைப்பிடிகள் கரையான் அரித்த கட்டை மாதிரி இருந்தன. துத்தநாகத்துக்கு முதலில் சயனைடு குளியலில் செம்புப் பூச்சு கொடுத்தாக வேண்டும். அதைத் தெரிந்து செய்கிற இடங்கள் குறைவு. ஆகவே கைப்பிடி விஷயத்தில் மட்டும் நான் என் கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்குத் தாவுகிறேன். குழி ஆழமாக விழுந்துவிட்ட இரண்டு கைப்பிடிகளுக்கு மாற்று வாங்கிவிடலாம். அதிலும், கம்பெனி நாளிலேயே செய்து கடை அலமாரியில் தூங்கும் பழைய ஸ்டாக் கிடைக்குமா என்று முதலில் தேடுவோம். புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்தால் அகப்படாதா என்ன?

"ஒரு கைப்பிடி மாத்தலாம், பம்பர் மாத்தக்கூடாதா? இது என்னப்பா நியாயம்?" என்பீர்கள். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று உண்டு. 1966-ல் தொடங்கியது, ஃபீவா என்பார்கள். அவர்கள் வைத்திருக்கும் தூரின் சாசனம் என்கிற ஆவணம், வண்டியோடு பிறந்த பொருளை முடிந்தவரை காப்பாற்றச் சொல்கிறது. மாற்றியே தீரவேண்டும் என்றால், மாற்றிய சாமான் எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிகிற மாதிரி கண்ணை உறுத்தாத ஓர் அடையாளம் போடச் சொல்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. நம் கைப்பிடிகளின் உள்பக்கம் ஆண்டைப் பஞ்ச் அடித்துவிடுவோம். மீட்க முடிந்ததை மீட்பது, முடியாததை ஒளிக்காமல் மாற்றுவது... இதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை.

இனி வருவதுதான் எனக்கே தூக்கம் கெடுத்த பகுதி. புதுசு கட்சிக்காரர்கள்கூட இந்த வாதத்தை எடுத்து என் மேல் வீசவில்லை. நானே வீசிக்கொள்கிறேன்.

குரோம் டேங்கில் இருப்பது குரோமிக் ஆசிட். அதாவது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். நிக்கல் டேங்கில் தொங்கும் நிக்கல் கட்டி கரைந்து பம்பரில் படியும். குரோம் டேங்கில் அப்படியில்லை. தொங்குவது ஈயம், அது கரையாது. குரோமியம் முழுக்க அந்த ஆசிட்டிலிருந்தே வரவேண்டும். முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் பாரடே விதி படித்தோமே, அது இங்கே பல்லைக் காட்டுகிறது. கொடுக்கிற மின்சாரத்தில் நூற்றுக்கு இருபதுகூட முலாமாக மாறுவதில்லை. மீதி பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழியாகிறது. குமிழி மேலே வந்து வெடிக்கும்போது ஆசிட் பனிபோல் எழும்பும். அதை முகர்ந்து நிற்கிறவர் யார்? நம் பம்பரைப் பிடித்திருக்கும் அண்ணன்தான். வருஷக்கணக்கில் முகர்ந்தால் மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகிவிடும். கையில் ஆறாத புண் விழும். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-லேயே இதை முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. கழிவு வெளியே போனால் என்ன ஆகும் என்பதை நாம் அமெரிக்காவில் போய்ப் பார்க்க வேண்டாம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் தொழிற்சாலை ஒன்று லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. நிலத்தடி நீர் மஞ்சளாகிப் போனது. அது முலாம் பட்டறை இல்லை, தோல் தொழிலுக்கான ரசாயனம் செய்த இடம்தான். ஆனாலும் விஷம் ஒரே விஷம்.

அப்படியானால் புதுப் பம்பர் வாங்கினால் இந்தப் பாவம் தீருமா? அதுவும் ஏதோ ஓர் ஊரில் ஒரு குரோம் டேங்கில் முங்கித்தான் வந்திருக்கிறது. எந்த ஊர், எந்த அண்ணன் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். நம் பம்பரைக் கொடுத்தால் பட்டறைக்குள் போய் நம் கண்ணால் பார்க்கலாம். டேங்க் ஓரத்தில் காற்றை உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா? கையுறை இருக்கிறதா? கழிவுநீரை என்ன செய்கிறார்கள்? இதெல்லாம் பெரிய ராக்கெட் சயன்ஸ் இல்லை. கழிவை அமிலமாக்கி, பி.எச். மதிப்பை மூன்றுக்குக் கீழே கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் ஆரஞ்சு நீர் பச்சையாகும். ஹெக்ஸாவேலன்ட் அவ்வளவாகத் தீங்கில்லாத டிரைவேலன்டாக மாறிவிட்டது என்று அர்த்தம். பிறகு சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் இறங்கும். அந்தச் சேற்றைக் கணக்கோடு அனுப்ப வேண்டும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் பணம் கூடுதல். நாங்கள் விசாரித்த இரட்டை விலை அப்படிப்பட்ட இடத்தின் விலைதான். பக்கத்துச் சந்தில் பாதிப் பணத்துக்குப் பூசித் தருகிறேன் என்றவரிடம் கழிவு எங்கே போகிறது என்று கேட்டோம். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு தம்பி?" என்றார். அவரிடம் கொடுப்பதாக இருந்தால் எனக்கு இந்த வண்டியே வேண்டாம்.

இப்போது டிரைவேலன்ட் குரோம் குளியலே வந்துவிட்டது. கலிபோர்னியாவில் 2023-ல் போட்ட விதிப்படி அலங்கார ஹெக்ஸாவேலன்ட் முலாம் இந்தப் பத்தாண்டுக்குள் முடிவுக்கு வரவேண்டும். நம்மூரிலும் சில இடங்களில் டிரைவேலன்ட் கிடைக்கும் என்கிறார்கள். நாம் முதலில் தேடவேண்டியது அதைத்தான். நிறம் மட்டும் ஒரு மாற்று கறுப்பு அடிக்கும், அந்தக் கால நீல ஒளி அப்படியே வராது என்று சீனியர் ஒருவர் குறைப்பட்டார். வரட்டுமே! இரண்டு பம்பரையும், வளையத்தையும், வீல் கப்பையும் ஒரே தொட்டியில் பூசினால் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். பார்க்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது என்று என் நண்பன் கேட்டானே, அதே கேள்வியை நான் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

பணம் இவ்வளவுக்கும் போதாது என்பது எனக்குத் தெரியும். போதாவிட்டால் இந்த ஆண்டு முன் பம்பரும் வளையங்களும் மட்டும். பின் பம்பரைத் துருவெடுத்து, எண்ணெய் தடவி, துணி சுற்றி அடுத்த செட் பையன்களிடம் ஒப்படைக்கலாம். ஸ்டெயின்லெஸ் பட்டைகளை இந்த மாதமே நாங்கள் தேய்த்து முடித்துவிடுகிறோம். சிவில்காரர்கள் வந்தாலும் சரி, சக்கரம் சும்மாதான் கிடக்கிறது. ஆண்டு விழாவில் வண்டி பின் பம்பர் இல்லாமல் நின்றால் சிரிப்பார்கள் என்று சிலருக்குக் கவலை. சிரிக்கட்டும், பக்கத்தில் ஓர் அட்டையில் காரணத்தை எழுதி வைப்போம்.

கூட்டத்துக்கு இரண்டு பட்டறைகளின் விலைப்பட்டியலும், கடையில் எழுதி வாங்கிய சீட்டும் கொண்டுவருகிறேன். அதுவரை ஒரு சின்ன வேண்டுகோள்: கொட்டகையில் சாத்தி வைத்திருக்கும் பம்பர் மேல் உட்கார்ந்து டீ குடிக்காதீர்கள் சாமி, ஏற்கனவே இருக்கிற நசுங்கலே போதும்!